எசெக்ஸுக்கு ஏது மன்னர்?

"எசெக்ஸ் மன்னரின் தலையைத் துண்டிக்க ராணி ஆணையிட்டார்." ஓர் ஆவணப்படத்தின் தமிழ் வசனவரி இது. இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக இதே பிழை கண்ணில் படுகிறது. அவர் மன்னர் என்றால், ஆணையிட்ட முதலாம் எலிசபெத் எந்த ஊர் ராணி?

அந்தத் தலைக்குச் சொந்தக்காரர் ராபர்ட் டெவரூ, எசெக்ஸ் 'ஏர்ல்'. பழைய ஆங்கிலத்தில் 'எயோர்ல்' என்றால் உயர்குடி வீரன். இங்கிலாந்தின் பிரபுப் பட்டங்களில் டியூக், மார்க்குவெஸ் இருவருக்கும் அடுத்த படி. சொல்பிறப்பு அவ்வளவுதான்.

'குறுநில மன்னர்' என்று போடலாமே என்கிறார் மொழிபெயர்ப்பு நண்பர் ஒருவர். குறுநிலம் என்றாலும் நிலம் வேண்டுமே! பறம்பு மலை பாரியுடையது. எசெக்ஸ் டெவரூவுடையது அல்ல. குடும்பச் சொத்து இருந்தது ஸ்டாஃபர்ட்ஷயரிலும் வேல்ஸிலும். பட்டமே 1572இல் எலிசபெத் இவருடைய அப்பாவுக்குக் கொடுத்தது. 1596இல் ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தைப் பிடித்ததும், 1599இல் அயர்லாந்துக்குப் போனதும் ராணியின் படையோடுதான். அங்கிருந்து சொல்லாமல் திரும்பி, பயண அழுக்கோடு நான்சச் அரண்மனையில் ராணியின் படுக்கையறைக்குள்ளேயே நுழைந்துவிட்டார். அப்புறம் பார்க்க வேண்டுமே. கடன்காரரான இவருக்குச் சோறு போட்டது இனிப்பு ஒயின் மீதான சுங்கவரிக் குத்தகை. 1600இல் ராணி அதைப் புதுப்பிக்கவில்லை. 1601 பிப்ரவரி 8 அன்று லண்டன் தெருவில் கலகம்; 25 அன்று தலை போனது. குத்தகை போனால் கவிழ்கிறவரை எந்த ஊரில் மன்னர் என்பார்கள்? எசெக்ஸை ஆண்ட மன்னர்கள் நிஜமாகவே உண்டு, பழைய சாக்சன் காலத்தில். இந்த வசனவரியைப் படிப்பவர் அங்கே போய்த் தேடுவார்.

சரி, 'கோமகன்'? அதை டியூக்குக்குக் கொடுத்தாயிற்று. 1572இல் நார்ஃபோக் டியூக்கின் தலை போனபின் எலிசபெத் இறக்கும்வரை இங்கிலாந்தில் டியூக்கே கிடையாது. 'பிரபு' என்றால் எந்தப் படி என்றே தெரியாது.

என் ஓட்டு 'பெருமகன்' என்ற சொல்லுக்கு. எசெக்ஸ் பெருமகன், அவர் மனைவி பெருமகள். ஏர்லுக்குப் பெண்பால் இல்லாமல் ஆங்கிலேயர் பிரெஞ்சு வழி வந்த 'கவுன்டெஸ்' என்பதைக் கடன் வாங்கினார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. பன்மையில்தான் இடறுகிறது. 'பெருமக்கள்' என்றதும் ஒலிபெருக்கியில் 'வணிகப் பெருமக்களே' கேட்கும். அங்கே மட்டும் 'பெருமகன்கள்' என்று எழுதுகிறேன். இலக்கணக்காரர்கள் கோபித்தால் கோபிக்கட்டும்.