இரண்டு மில், ஒரே பகா எண்

மன்னார்குடிப் பக்கம் இரண்டு அரிசி மில் நடத்தும் ஒருவர், குறுவை நெல் வந்து குவிந்த நேரத்தில் கூப்பிட்டார். மில் கேமரா அவர் போனில் தெரியவில்லை. அது பத்து நிமிட வேலைதான். ஆனால் இரண்டு மில்லிலும் இருந்தது ஒரே மாடல் பழைய ரவுட்டர். வாங்கிய நாளிலிருந்து அதன் மென்பொருளை யாரும் புதுப்பிக்கவில்லை.

"இதை மாத்திடலாம்ண்ணே" என்றேன்.

"பாஸ்வேர்டு போட்டுத்தானே தம்பி உள்ள போறோம்?"

நெட்வொர்க் வேலைக்குப் போகிற ஊரிலெல்லாம் இதே கேள்விதான் வருகிறது. அந்த பாஸ்வேர்டை வழியில் யாரும் படிக்காமல் காப்பதே பகா எண்தான். ரவுட்டர் முதல் தடவை ஆன் ஆகும்போது இரண்டு பெரிய பகா எண்களைப் பொறுக்கிப் பெருக்கி வைத்துக்கொள்கிறது. அந்தப் பெருக்குத்தொகைதான் வெளியே காட்டும் சாவி, அதை யாரும் பார்க்கலாம். அதைத் திரும்ப இரண்டாகப் பிரிப்பதுதான் கஷ்டம்; பிரித்துவிட்டால் ரகசியச் சாவி கையில் வந்துவிடும்.

இந்த ரவுட்டரில் ஒவ்வொன்றும் 155 இலக்கப் பகா எண். அந்த அளவில் சுமார் 355 எண்ணுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும். பஞ்சமே இல்லை. 1-ஐவிடப் பெரிய எந்த முழு எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் நடுவே ஒரு பகா எண்ணாவது உண்டு. நம்ம கும்பகோணத்து இராமானுஜன் 1919-ல் இதற்குச் சுருக்கமான நிரூபணம் எழுதினார்.

சிக்கல் பொறுக்குவதில் இருக்கிறது. எண்ணைக் குலுக்கிப் பொறுக்கக் கைகொடுக்கும் கீபோர்டு, மவுஸ் அசைவு ரவுட்டருக்குக் கிடையாது. ஆன் ஆன அந்த நொடியில் ஒரே மாடல் பெட்டிகள் எல்லாம் ஒரே நிலையில் இருக்கும். முதல் பகா எண் ஒன்றாகவே விழுந்துவிடலாம். அடுத்ததற்குள் கடிகாரம் கொஞ்சம் நகர்வதால் இரண்டாவது மட்டும் மாறும்.

அப்படிப் பொதுவாக ஒன்று அமைந்தால் பூட்டு போச்சு. பள்ளியில் படித்த மீப்பெரு பொது வகுத்தி போதும். 10403, 10807 என்று இரண்டு சாவிகள். கழித்தால் 404. 10403-ஐ 404-ஆல் வகுத்தால் மீதி 303. 404-ஐ 303-ஆல் வகுத்தால் மீதி 101. அது 303-ஐ மீதியில்லாமல் வகுக்கிறது. 101 கையில் வந்ததும் 103, 107 இரண்டும் தானாக வந்துவிடும். 155 இலக்கத்திலும் கணினிக்கு இது கண் இமைக்கும் நேரம்.

2012-ல் ஓர் ஆய்வுக் குழு இணையம் முழுக்கச் சாவிகளைச் சேகரித்து இதே கணக்கைப் போட்டது. பூட்டிய இணைப்பு தரும் கருவிகளில் அரை சதவீதத்தின் ரகசியச் சாவி வெளியே வந்தது. பெரும்பாலும் ரவுட்டர் மாதிரிச் சின்னப் பெட்டிகள்.

அவர் எதிரிலேயே இரண்டு மில்லின் சாவியையும் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். பொதுவாக எதுவும் இல்லையென்றால் விடை 1 என்று வந்திருக்க வேண்டும். திரையில் இரண்டு வரிக்கு ஓர் எண் நின்றது.

அன்றைக்கே இரண்டையும் கழற்றினோம். புதியதில் முதலில் மென்பொருளைப் புதுப்பித்து, ஒரு நாள் ஓடவிட்டு, பிறகு பழையதைவிட நீளமாக, 2048 பிட்டில் சாவியைப் புதிதாக உருவாக்கினேன். பாஸ்வேர்டையும் மாற்றினோம், பழையது எத்தனை பேர் கையில் இருக்கிறதோ.