அமெச்சூர்: சொல் விளக்கம்

தொண்டி முதல் வாலிநோக்கம் வரை கடற்கரை ஊர்களில் ஒட்டப்படும் கபடி நோட்டீஸ்களில் 'அமெச்சூர் கபடிக் கழக விதிகளின்படி' என்ற வரியைப் பார்க்கலாம். அதற்குக் கீழேயே பரிசுத்தொகையும் இருக்கும். மேடையில் வசனம் மறந்தவரையும் 'சுத்த அமெச்சூர்' என்கிறோம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு 'மகளிர் அமெச்சூர் கோல்ஃப் சாம்பியன்' என்ற செய்தியைப் படித்தால் குழம்பத்தான் செய்யும்.

லத்தீனில் 'அமாரே' என்றால் விரும்புதல், 'அமாத்தோர்' விரும்புபவர். அது பிரெஞ்சு வழியாக 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. அரைகுறை என்ற பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

கோல்ஃபில் இது, ஆட்டத்தைப் பிழைப்பாகக் கொள்ளாதவர் என்ற தகுதிநிலையின் பெயர். ஆட்டத் தரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அமெரிக்காவின் பேப் ஜஹாரியாஸ் 1932 ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதலிலும் தடை ஓட்டத்திலும் தங்கம் வென்றவர். 1935-ல் டெக்சாஸ் மகளிர் அமெச்சூர் பட்டத்தை வென்ற கையோடு, மற்ற விளையாட்டுகளில் பணம் வாங்கியவர் என்று சொல்லி அந்நாட்டு கோல்ஃப் சங்கம் அவரை அமெச்சூர் இல்லை என்றது. தகுதி திரும்பக் கிடைத்தது 1943-ல்தான். 1946-ல் அமெரிக்க மகளிர் அமெச்சூர், 1947-ல் ஸ்காட்லாந்தின் கல்லனில் பிரிட்டிஷ் மகளிர் அமெச்சூர். பிந்தையதை வென்ற முதல் அமெரிக்கர் அவரே. அதே ஆண்டு தொழில்முறைக்கு மாறினார். ஆட்டம் மாறவில்லை, பெயர்ப்பலகைதான் மாறியது.

2022 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, ஹேண்டிகேப் சலுகை (திறமைக்கு ஏற்பத் தரும் அடிக் கழிவு) இல்லாத போட்டியில் அமெச்சூர் 700 பவுண்டு அல்லது 1,000 டாலர் வரை ரொக்கமாகவே வாங்கலாம். ஹேண்டிகேப் போட்டியில் அதே மதிப்புக்குள் பொருளாக வாங்கலாம், ரொக்கம் கூடாது. வரம்புக்கு மேல் கை நீட்டினால் தகுதி போய்விடும். காசுக்குப் பயிற்சி கொடுத்தாலும் பொதுவாகத் தகுதி போய்விடும்.

தமிழில் என்ன சொல்வது? 'கத்துக்குட்டி' அடியோடு தப்பு. 'ஆர்வலர்' பார்வையாளருக்கும் பொருந்திவிடும். 'ஊதியம் பெறாதவர்' என்றால் அந்த 700 பவுண்டு இடிக்கிறது. 'தொழில்சாரா ஆட்டக்காரர்' என்பதே சரி. இராமநாதபுரம் கரையில் 'தொழிலுக்குப் போயிருக்காக' என்றால் கடலுக்குப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். காலையில் வலை இழுத்துவிட்டுச் சாயங்காலம் கபடிக் களத்தில் இறங்குபவருக்கு இந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை.