தத்துவதெல்லாம் ஒரே குலமா? ‘தத்துப்பூச்சி’ என்னும் சொல்

கதிர் வரும் நேரத்தில் நெல்வயலின் நடுவே வட்டமாக ஒரு திட்டு மட்டும் காய்ந்து நிற்கும். வரப்பிலிருந்து பார்த்தால் யாரோ அங்கே மூட்டம் போட்டு அணைத்தது போலிருக்கும். ‘புகையான் விழுந்துடுச்சு’ என்பார்கள். தூரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் பூச்சி அது. நீளம் 3 முதல் 5 மில்லிமீட்டர்தான். அதன் உருவத்தை விட்டுவிட்டு, அது விட்டுச்செல்லும் கோலத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். ‘நெருப்பில்லாமல் புகையுமா’ என்று கேட்கிற அதே ஊரில்தான், நெருப்பே இல்லாத இந்தப் புகைக்கும் பெயர் பிறந்திருக்கிறது.

பாடநூல் தமிழில் இதையே பழுப்புத் தத்துப்பூச்சி என்றும் எழுதுவார்கள். இலங்கை வேளாண் வெளியீடுகளில் இது கபில நிறத் தத்தி. இரண்டிலும் வேர்ச்சொல் ‘தத்து’. தாவு, குதி என்று பொருள். குழந்தை தத்தித் தத்தி நடப்பதும் இந்த வினைதான். பிள்ளையைத் தத்தெடுப்பது வேறு. அந்தத் ‘தத்து’ வடமொழியின் ‘தத்த’ வழி வந்தது. வெட்டுக்கிளிக்குத் தத்துக்கிளி என்ற பெயரும் உண்டு. ஆகவே சொல் பழையது, பொருத்தமும் குறைவில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அதே நெல்லில் இலைமேல் திரியும் பச்சைத் தத்துப்பூச்சியும் தத்துப்பூச்சிதான். மாம்பூவில் மொய்ப்பதும், பருத்தி இலையைச் சுருட்டுவதும் தத்துப்பூச்சிதான். தாவுகிறது, சாறு உறிஞ்சுகிறது, சிறியது என்பதால் எல்லாம் ஒரே பெயருக்குள் வந்துவிட்டன. புகையானும் பச்சைத் தத்துப்பூச்சியும் அண்ணன் தம்பி என்று படிப்பவர் நினைத்துக்கொள்கிறார். உண்மையில் பச்சைத் தத்துப்பூச்சிக்குப் புகையானைவிட நெருங்கிய சொந்தம், மரத்தில் உட்கார்ந்து காதைக் கிழிக்கும் சில்வண்டு!

பிரித்தறிய ஒரு கைலென்சு போதும். பச்சைத் தத்துப்பூச்சிக்கு உணர்கொம்புகள் இரு கண்களுக்கும் இடையே, மயிரிழை போல நீட்டிக்கொண்டிருக்கும். புகையானுக்கு அவை கண்ணுக்குக் கீழே, கன்னத்தில் இருக்கும். இரண்டாம் கணு பருத்திருக்கும். பின்னங்காலையும் பாருங்கள். பச்சையின் காலில் முட்கள் வரிசைகட்டி நிற்கும். புகையானுக்கோ கணைக்காலின் நுனியில் அசையக்கூடிய பெரிய முள் ஒன்று, சேவல் காலின் முள்ளைப் போல. இந்த முள், புகையான் சேர்ந்திருக்கும் டெல்பாசிடே குடும்பத்தின் முத்திரை. இக்குடும்பத்தில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன.

இந்த வேறுபாட்டுக்கு வயலிலும் விலை உண்டு. நெல்லைத் தாக்கும் துங்ரோ நோயின் நச்சுயிரியைப் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி. புல்தழைக் குட்டை நோயைப் பரப்புவது புகையான். ‘தத்துப்பூச்சி இருக்கு’ என்று மட்டும் சொன்னால் எந்த நோய்க்குக் காத்திருப்பது?

குலமுறைக்கு வருவோம். கன்னத்தில் கொம்பு வைத்த கூட்டம் முழுவதும் ஃபுல்கோராய்டியா என்னும் பெருங்குடும்பத்துக்குள் அடங்கும். 13,000க்கும் மேற்பட்ட இனங்கள், இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள். புதைபடிவங்கள் பெர்மியன் காலம்வரை பின்னோக்கிப் போகின்றன. அதாவது 25 கோடி ஆண்டுகளுக்கும் அப்பால். மரபணு ஆய்வுகளின்படி புகையானின் டெல்பாசிடே குடும்பமும் சிக்சிடே குடும்பமும் அடிமரத்திலேயே பிரிந்த கிளைகள். தமிழில் ‘கிளை’ என்றால் மரத்தின் கொம்பும்தான், சுற்றத்தாரும்தான். பரிணாம உறவைத் தேடும் துறைக்குக் ‘கிளைவழி’ என்ற சொல் தானாக வந்து உட்கார்கிறது. முன்பு இவற்றை அசுவினி, வெள்ளை ஈக்களோடு சேர்த்து ஹோமாப்டிரா என்று ஒரே வகுப்பாகக் கட்டிவைத்திருந்தார்கள். 1990களில் மரபணு வரிசைகள் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டன. பழைய பாடநூல்களில் அது இன்னும் இருக்கிறது.

ஃபுல்கோராய்டியாவுக்குப் பெயர் தந்த ஃபுல்கோராவின் கதை இன்னும் சுவையானது. லத்தீனில் ‘ஃபுல்கோர்’ என்றால் மின்னல், ஒளி. சுரினாமில் பூச்சிகளை வரைந்த மரியா சிபில்லா மெரியன், ஒரு பெரிய பூச்சியின் தலை இரவில் விளக்குப்போல் ஒளிரும் என்று 1705இல் எழுதினார். அதை நம்பி, உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1767இல் ஃபுல்கோரா என்று பேரினத்துக்குப் பெயர் சூட்டினார். அந்தப் பூச்சி ஒளிர்வதே இல்லை. லத்தீனில் ஒளியில்லாத விளக்கு, தமிழில் நெருப்பில்லாத புகை. நம்முடையதாவது கண்ணால் கண்டதை வைத்துச் சொன்னது.

புகையானின் அறிவியல் பெயர் நிலபர்வதா லூஜென்ஸ். இனத்தை 1854இல் ஜாவா மாதிரியைக் கொண்டு விவரித்தவர் ஸ்டோல். பேரினத்தை 1906இல் இலங்கையில் கிடைத்த வேறோர் இனத்தை வைத்து வகுத்தவர் டிஸ்டண்ட். ‘நிலபர்வதா’வைக் கேட்டாலே நம் காதுக்கு நீலமலை வந்துவிடும். லூஜென்ஸ் என்றால் துக்கம் காப்பது.

சரி, கன்னத்தில் கொம்பு வைத்த கூட்டத்தைத் தமிழில் என்ன சொல்வது? ‘தாவரத் தத்துப்பூச்சி’ என்று சிலர் எழுதுகிறார்கள். ‘பிளான்ட்ஹாப்பர்’ என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தது. எந்தத் தத்துப்பூச்சிதான் தாவரத்தில் இல்லை? ஆங்கிலமே தடுமாறும் இடமும் உண்டு. பச்சைத் தத்துப்பூச்சியின் கூட்டத்துக்கு அது வைத்த பெயர் ‘லீஃப்ஹாப்பர்’, அதாவது இலைத்தத்துப்பூச்சி. கரும்பைத் தாக்கும் பைரில்லாவையும் அது அப்படியே அழைக்கிறது, நாமும் அப்படியே எழுதிவிட்டோம். பைரில்லாவோ கன்னத்துக் கொம்புக் கூட்டத்தைச் சேர்ந்தது.

என் தேர்வு இது. பெருங்குடும்பத்துக்குக் கன்னக்கொம்புத் தத்தி. டெல்பாசிடே குடும்பத்துக்குப் புகையான் குடும்பம். அடையாளம் சொல்லவேண்டிய இடத்தில் குதிமுள் தத்தி. நெல்லில் வருவதற்குப் புகையான் என்ற பெயரே போதும், பழுப்பு என்ற அடைமொழி தேவையில்லை. இலைமேல் வாழும் மற்றக் கூட்டம் இலைத்தத்துப்பூச்சியாகவே இருக்கட்டும்.

‘தத்து’ என்ற வினையை மட்டும் எதிலும் விட்டுவிடக் கூடாது. ஐரோப்பாவில் வாழும் இஸ்ஸஸ் என்ற கன்னக்கொம்புத் தத்தியின் குஞ்சுக்குப் பின்னங்கால்கள் உடலோடு சேரும் அடிப்பகுதியில் பற்சக்கரம் இருப்பதை 2013இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஒவ்வொன்றிலும் 10 முதல் 12 பற்கள். இரு கால்களும் நொடியின் பத்து லட்சத்தில் 30 பங்குக்குள் ஒன்றாக உதைக்க அந்தச் சக்கரம் ஒன்றோடொன்று பிணைகிறது. கடைசித் தோலுரிப்பில் சக்கரம் கழன்றுபோகும். வளர்ந்த பூச்சி அது இல்லாமலே தத்துகிறது.