பாலே மலையை நடத்துவது ஓர் எலி

எத்தியோப்பியாவின் தென்கிழக்கில் உள்ள பாலே மலைகள் தேசியப் பூங்காவைப் பற்றி யார் எழுதினாலும் போடும் படம் ஒன்றுதான்: செம்பழுப்பு நிறமும் நீண்ட மூக்குமாக நிற்கும் எத்தியோப்பிய ஓநாய். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மேட்டு நிலம் எப்படி ஓடுகிறது என்று புரிய வேண்டுமானால், ஓநாயை விட்டுவிட்டு அதன் காலடி மண்ணைப் பார்க்க வேண்டும்.

பூங்காவின் நடுவே சனெட்டி பீடபூமி, கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்தில். பூமத்திய ரேகை அதிகத் தூரம் இல்லை என்பதால் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அதற்குப் பதில் வறண்ட மாதங்களில் பகலில் சுள்ளென்று வெயில், அதே நாள் இரவில் உறைபனி. மரங்கள் இதற்குத் தாங்குவதில்லை. ராட்சத லொபீலியா என்ற செடி தாங்குகிறது. இரவில் இலைகளை உள்பக்கம் மடக்கி நடுக்குருத்தை மூடிக்கொள்ளும், விடிந்ததும் விரிக்கும், இப்படியே பல ஆண்டுகள் ஓட்டிவிட்டு ஒரே ஒருமுறை பூத்துச் செத்துப்போகும்.

விலங்குகளுக்கு அதைவிட எளிய வழி உண்டு, மண்ணுக்குள் போய்விடுவது. உள்ளே குளிர் அவ்வளவாக இறங்காது. அப்படி வளை தோண்டி வாழும் ஒரு பெரிய எலி இங்கே இருக்கிறது, ஒரு கிலோ வரை எடை, உலகில் வேறெங்கும் கிடையாது. கண்கள் தலையின் மேல்பக்கத்தில் இருப்பதால் உடம்பை வளைக்குள் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்து, சுற்றியுள்ள புல்லையும் செடியையும் கடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும், அப்புறம் வளையின் வாயை மண்ணால் அடைத்துவிடும். பக்கத்தில் மேய்ச்சல் தீர்ந்தால் இன்னொரு துளை. இதனால் பீடபூமியின் மண் புரண்டுகொண்டே இருக்கிறது. கிளறிய மண்ணில் பூச்சி பொறுக்க ஒரு சின்னப் பழுப்புக் குருவி எலிக்குப் பக்கத்திலேயே சுற்றும்.

சரி, ஓநாய்க்கு வருவோம். இங்கே அதன் சாப்பாடு பெரும்பாலும் எலிகள்தான், இந்தப் பெரிய எலியும் சிறிய புல்லெலிகளும். ஒரு கிலோ இரையைக் கூட்டமாகத் துரத்திப் பங்கு போட்டால் யாருக்கும் வயிறு நிறையாது, அதனால் குடும்பமாக வாழ்ந்து எல்லையைச் சேர்ந்து காத்தாலும் வேட்டைக்குத் தனித்தனியாகத்தான் போகும். மனிதர்களும் இதே எலியைத் தின்றிருக்கிறார்கள்: பாலேயின் ஃபிஞ்சா ஹபேரா பாறைக் குடிலில் நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய மனிதர்கள் இதைச் சுட்டுத் தின்ற எலும்புகள் கிடைத்ததாக 2019-இல் ஆய்வு வெளியானது.

தெற்கே இறங்கினால் ஹரென்னா காடு, வேறொரு உலகம். நாம் குடிக்கும் அரபிகா காப்பி அங்கே காட்டுச் செடியாகவே நிற்கிறது, மூங்கிலைத் தின்றே காலம் தள்ளும் பாலே குரங்கும் உண்டு.

உலகில் மிஞ்சியுள்ள வளர்ந்த எத்தியோப்பிய ஓநாய்கள் 500-க்கும் குறைவு, பாதிக்கு மேல் பாலேயில். எலி இருக்கும்வரை அவற்றுக்குப் பசி இல்லை. ஆனால் மேய்ப்பர்களின் நாய்களிடமிருந்து வெறிநோய் தொற்றினால் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன. அதனால் 2018 முதல் இறைச்சித் துண்டில் தடுப்பு மருந்தை ஒளித்து, ஓநாய்கள் நடமாடும் இடங்களில் போட்டுவருகிறார்கள்.