கோட்டையைத் தேடினால் பாதிதான் வருகிறது

பதினைந்து வருடமாகக் குறிப்பு எழுதிச் சேர்க்கிறேன். பாலாற்று மணல், வட ஆற்காட்டு ஏரிகள், ஆம்பூர்த் தோல் பட்டறைகளில் கேட்டது, வேலூர்க் கோட்டைக்குள் பார்த்தது என்று 6,000-ஐத் தாண்டிவிட்டது. போன மாதம் அத்தனையையும் எவர்நோட் என்ற குறிப்புச் செயலியிலிருந்து ஜோப்ளின் என்ற திறமூல மென்பொருளுக்கு மாற்றினேன். எழுதியது ஒரு வரிகூடத் தொலையவில்லை. ஆனால் உள்ளே நடப்பதைப் பார்க்கப் பார்க்க வியப்பாக இருந்தது.

எவர்நோட்டிலிருந்து குறிப்புகளை வெளியே எடுத்தால் எனெக்ஸ் என்ற கோப்பு வரும். நோட்பேடிலேயே திறக்கலாம், முழுக்க எழுத்துதான். படமும் எழுத்தாகவே கிடக்கும். படத்தின் 3 பைட்டை, அதாவது 24 பிட்டை, ஆறாறாகப் பிரித்தால் நான்கு கூறு. ஒவ்வொரு கூறுக்கும் 64 எழுத்துகளில் ஒன்று. பேஸ்64 என்பது இதுதான். அதனால் 3 எம்பி புகைப்படம் கோப்புக்குள் 4 எம்பி ஆகிவிடும். குறிப்பில் படம் இருந்த இடத்தில் 32 எழுத்து அடையாளம் ஒன்று மட்டும் நிற்கும். படத்தின் எல்லா பைட்டுகளையும் வைத்துக் கணக்குப் போட்டால் கிடைக்கும் எம்டி5 எண் அது. ஜோப்ளின் படத்தைப் பழையபடி பைட்டாக்கி, அதே கணக்கைப் போட்டு, எண் பொருந்தும் இடத்தில் வைக்கிறது. பெயரைப் பார்ப்பதே இல்லை. 'படம்1' என்ற பெயரில் பத்து இருந்தாலும் இடம் மாறாது. எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு இது.

தேதியில் ஒரு நிமிடம் திடுக்கிட்டேன். 1806 வேலூர்ப் புரட்சி ஜூலை 10 விடியற்காலையில் வெடித்தது. 2016-இல் அதே நாள், காலை ஐந்து மணிக்கு அகழி ஓரமாக நின்று ஒரு குறிப்பு எழுதினேன். கோப்பில் அது ஜூலை 9, இரவு 11.30! எனெக்ஸ் உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஜோப்ளின் கூட்டிக் காட்டிவிடுகிறது. சொந்தமாக நிரல் எழுதி மாற்றுகிறவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

குறிப்பேடுகளை மாவட்ட வாரியாகப் பிரிக்காதீர்கள். 2019-இல் வேலூர் மூன்றானபோது என் ஆம்பூர்க் குறிப்புகள் திருப்பத்தூருக்குப் போயின, ஆற்காடு ராணிப்பேட்டைக்குப் போனது. ஒரு குறிப்பு ஒரு குறிப்பேட்டில்தான் இருக்க முடியும். குறிச்சொல் எத்தனை வேண்டுமானாலும் ஒட்டலாம்.

அப்புறம் தேடல். எல்லாவற்றையும் மார்க்டவுன் கோப்புகளாகவும் ஒரு பிரதி எடுத்து வைத்தேன். வெறும் எழுத்துக் கோப்பு, எந்தக் கணினியிலும் திறக்கும். அதில் கிரெப் கட்டளையால் 'கோட்டை' என்று தேடினால் 143 குறிப்புகள்தான் வந்தன. கண்ணெதிரே 'கோட்டை' என்று இருக்கும் குறிப்புகூட வரவில்லை.

காரணம் 'கோ'. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாக வைக்கலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் என்பதால், ஒரு 'கோட்டை' 18 பைட், இன்னொன்று 21 பைட். கிரெப் பைட்டைத்தான் ஒப்பிடுகிறது. அதற்கு இரண்டும் வேறு வேறு சொல்.

என் பழைய குறிப்புகள் யூனிகோடு முறையில் இல்லாத பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. அதில் கண்ணுக்குத் தெரியும் வரிசைதான்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடுக்கு மாற்றிய நிரல் கொம்பை ககரத்துக்குப் பின்னால் நகர்த்தியது சரி, காலை அதோடு இணைக்காமல் விட்டுவிட்டது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் எழுத்துகளுக்கு எல்லாம் இதே கதி. 'வேலூர்' தப்பித்தது, அதில் அவை இல்லை.

பிரிந்ததைச் சேர்க்கும் முறையை யூனிகோடே வகுத்திருக்கிறது, என்எஃப்சி என்று பெயர். பைத்தான் நிரல்மொழியில் ஒரே வரி. ஓடவிட்டு மறுபடி தேடினேன்: 291. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களைப் பற்றி நான் எழுதிய முதல் குறிப்பும் அதில் இருந்தது.