மூளையைத் தட்டினால் கால் ஏன் தளர்கிறது?

மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் வரும் கால் விறைப்புக்குக் கையில் அணியும் காந்தக் காப்பு உதவுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். உதவாது. இந்நோயாளிகள் 1.5 அல்லது 3 டெஸ்லா வலிமையுள்ள எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அடிக்கடி படுத்து எழுகிறார்கள். அதனால் விறைப்பு தளர்வதில்லை. நிலையாக நிற்கும் காந்தப்புலம் நரம்பைத் தூண்டாது. சட்டென்று மாறும் புலம்தான் தூண்டும். நோயாளியின் பணத்தைப் பறிக்கும் காப்பு வியாபாரத்தைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

விறைப்பைத் தளர்த்த ஆய்வாளர்கள் முயல்வது, அப்படி மாறும் புலத்தால் மூளையைத் தலைக்கு வெளியிலிருந்தே தூண்டும் டி.எம்.எஸ். முறையை. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு செய்துகாட்டிய முறை இது. மின்தேக்கியில் சேர்த்த மின்னூட்டத்தைத் தலைமேல் வைத்த செம்புச் சுருளில் கொட்டுகிறார்கள். சில ஆயிரம் ஆம்பியர் மின்சாரம் 1 மில்லி நொடிக்குள் பாய்ந்து முடிகிறது. மீதியை ஃபாரடே விதி பார்த்துக்கொள்ளும்: மாறும் புலம் மண்டையோட்டைத் தாண்டி மூளைப் புறணியில் (மூளையின் மேலடுக்கில்) மின்னோட்டத்தை எழுப்புகிறது.

சரி, மூளையைத் தூண்டினால் கால் இன்னும் இறுகத்தானே வேண்டும்? இந்தப் புதிர்தான் அழகு. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு ‘அசை’ என்ற கட்டளையோடு ‘அடங்கு’ என்ற கட்டளையும் இறங்குகிறது. இந்நோயில் மையலின் உறை (நரம்பிழையைப் போர்த்தும் படலம்) அரிக்கப்பட்ட இழைகளில் இரண்டுமே தேய்ந்துபோகின்றன. அடக்குவார் இல்லாத தண்டுவடம், தசை சற்றே இழுபட்டாலும் அதைச் சுருக்கிவிடுகிறது. வேகமாக நீட்டினால் இறுக்கமும் கூடும். புறணியை உசுப்பினால் தேய்ந்த ‘அடங்கு’ கட்டளை மீண்டும் வலுக்கிறது.

இதை அளக்கவும் முடியும். முழங்காலின் பின்குழியில் நரம்பை மின்சாரத்தால் லேசாகத் தட்டினால், செய்தி தண்டுவடத்துக்கு ஏறித் திரும்பி, சுமார் 30 மில்லி நொடியில் கெண்டைக்கால் தசையைத் துடிக்க வைக்கும். இதுதான் ஹெச் அனிச்சை. நரம்பிலிருந்து தசைக்கு நேரே போகும் எம் அலையோடு இதை ஒப்பிட்ட விகிதம், தண்டுவடம் எவ்வளவு கட்டற்றுக் கிடக்கிறது என்பதைச் சொல்லும். ரோம் ஆய்வாளர்கள் 19 நோயாளிகளிடம் சுருளால் நொடிக்கு 5 காந்தத் துடிப்பு கொடுத்தபோது விகிதம் குறைந்தது. நொடிக்கு 1 துடிப்பில் ஏறியது. 5 துடிப்பை 2 வாரம் தினமும் கொடுத்த பிறகு, கிடைத்த தளர்வு குறைந்தபட்சம் 7 நாள் நீடித்தது. இவை 2007இல் வெளியான முடிவுகள்.

அடுத்து வந்தது, துடிப்புகளைக் கொத்துக் கொத்தாகக் கொடுக்கும் ‘இடைவிட்ட தீட்டா வெடிப்பு’ முறை. 20 மில்லி நொடி இடைவெளியில் 3 துடிப்பு. அந்த மூன்றும் நொடிக்கு 5 முறை. 2 நொடி ஓட்டம், 8 நொடி ஓய்வு. மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் 600 துடிப்பு முடிந்துவிடும். பாதத்தை லேசாக இறுக்கச் சொல்லி, 10 துடிப்பில் 5 முறையாவது தசை பதில் தரும் குறைந்தபட்ச வலிமையைக் கண்டுபிடித்து, அதில் 80 விழுக்காட்டை வைப்பார்கள்.

தவறு நேர்வது பெரும்பாலும் சுருளை வைக்கும் இடத்தில்தான். காலுக்கான பகுதி உச்சந்தலைக்குக் கீழே, இரு மூளைப் பாதிகளுக்கு இடையிலான மடிப்பில் ஒளிந்திருக்கிறது. தட்டையான எட்டு வடிவச் சுருளின் விசை ஆழம் போகப் போக வேகமாகக் குறையும். அதனால் இறக்கைகள் வளைந்த சுருள் நல்லது. அளவெடுக்கும்போது தலை திரும்பினாலும் பல்லைக் கடித்தாலும் ஹெச் அனிச்சை மாறி, பொய்க் கணக்கு கிடைக்கும்.

சுருளின் ‘டக்’ ஒலிக்குக் காதடைப்பான் கட்டாயம். தலைக்குள் உலோகக் கிளிப், காது உள்வைப்பு, இதய முடுக்கி இருப்பவர்களுக்கு இது பொதுவாக ஆகாது. வலிப்பு அரிது, ஆனால் நடைக்காக ஃபாம்பிரிடின் மருந்து எடுப்பவர்களுக்கு அபாயம் கூடலாம். இதை நம்பி, விறைப்புக்கான பாக்லோஃபென் மருந்தைத் திடீரென நிறுத்தினாலும் வலிப்பு வரலாம்.

19 பேர், 20 பேர் கொண்ட ஆய்வுகளை வைத்து இதை வழக்கமான சிகிச்சை என்று சொல்ல முடியாது. பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் பெரிய சோதனைக்குப் பொதுப்பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. அப்படி நடத்தினால் துடிப்போடு இயன்முறைப் பயிற்சியையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். கால் தளர்ந்திருக்கும் அந்தச் சில நாள்களில்தான் தசையை நன்றாக நீட்டிப் பழக்க முடியும்.