ஒட்டும் முன், துடைக்கும் முன்

கலை அருங்காட்சியகம் ஒன்றில் கலைப்பொருள்களைப் பேணிக் காக்கும் பணியில் இருக்கிறேன். சிலைகள், மட்பாண்டங்கள், கண்ணாடிக் கலங்கள், உலோக வேலைப்பாடுகள், மரம், தந்தம் எனப் பலவும் எங்கள் மேசைக்கு வரும். உடைந்ததை ஒட்டுவதும் மங்கியதைத் துலக்குவதும்தான் எங்கள் தொழில் என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் என் வேலை நேரத்தின் பெரும்பங்கு, யாரோ எப்போதோ நல்லெண்ணத்தோடு ஒட்டியதைப் பிரிப்பதிலும், துலக்கியதால் விளைந்த கேட்டை மேலும் பரவாமல் தடுப்பதிலுமே கழிகிறது. வீட்டில் ஒரு பழம்பொருளை வைத்திருப்பவரும், சிறிய சேகரிப்பு ஒன்றைப் பொறுப்பேற்று நடத்துபவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுட்ட மண்கிண்ணம் வந்தது. பதினொரு துண்டுகளாக உடைந்து, மூன்று வெவ்வேறு காலங்களில் ஒட்டப்பட்டிருந்தது. புறஊதா விளக்கின் கீழ் வைத்தபோது சில இணைப்புகள் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தன. அது ஷெல்லாக் எனப்படும் அரக்கு. வேறு சில நீலம் கலந்த வெண்மையாய் ஒளிர்ந்தன. அவற்றைச் சோதித்தபோது எபாக்சி என்னும் செயற்கைப் பசை என்று தெரிந்தது. அரக்கு புதிதாக இருக்கும்போது ஆல்கஹாலில் கரையும்; ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி, கரைய மறுத்து, நுண்துளைகள் நிறைந்த மண்ணுக்குள் பழுப்புக் கறையாய் ஊறிவிடும். ஆல்கஹால் ஆவியில் கிண்ணத்தை மூடிவைத்து, இளகிய அரக்கை ஸ்கால்பல் கத்தியின் நுனியால் சிறிது சிறிதாக எடுப்பதற்கே மூன்று வாரங்கள் ஆயின. எபாக்சியோ அந்த அளவுக்குக்கூட இடம் தராது. அது கரைவதே கிடையாது. கடுமையான கரைப்பான்களில் உப்பி மெல்ல இளகும், அவ்வளவுதான்.

இவற்றையெல்லாம் விட என்னை வருத்தியது வேறொன்று. துண்டுகள் சரியாகப் பொருந்தாததால், முன்பு ஒட்டியவர் இரண்டு விளிம்புகளை அரத்தால் தேய்த்திருந்தார். உடைந்த பாண்டத்தைச் சேர்க்கும்போது முதல் இணைப்பில் பசை சற்றுத் தடிமனாகி, ஒரு துண்டு மயிரிழை விலகினாலும், அந்தப் பிழை ஒவ்வோர் இணைப்பிலும் கூடிக்கொண்டே போய்க் கடைசித் துண்டுக்கு இடமில்லாமல் செய்துவிடும். அதனால்தான் பசையைத் தொடுவதற்கு முன் எல்லாத் துண்டுகளையும் நாடாவால் சேர்த்துப் பார்த்து, எது முதலில், எது கடைசியில் என்று எண்ணிட்டுக் கொள்கிறோம். அவர் அந்த ஒத்திகையைச் செய்யவில்லை. பசையை எப்பாடுபட்டாவது நீக்கிவிடலாம். தேய்த்து எறிந்த மண்ணைத் திரும்பக் கொண்டுவர எந்த வழியும் இல்லை.

நாங்கள் மட்பாண்டங்களுக்குப் பெரிதும் பயன்படுத்துவது பாராலாய்டு பி-72 என்னும் அக்ரிலிக் பிசின். அது எளிதில் மஞ்சளாவதில்லை என்பதும், நெடுங்காலம் கழித்தும் அசிட்டோனில் கரையும் என்பதும்தான் அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம். அதற்கும் குறை உண்டு: ஏறத்தாழ 40 டிகிரி செல்சியசில் இளகத் தொடங்குவதால், வெப்பமான இடத்தில் நிற்கும் கனமான பொருளுக்கு அதை மட்டும் நம்ப முடியாது. கேட்பவர்களுக்கு வியப்பூட்டும் இன்னொரு விதியும் உண்டு. இணைப்பு, பொருளைவிடச் சற்று வலுக்குறைந்ததாக இருக்க வேண்டும். மீண்டும் ஒருமுறை அடிபட்டால் ஒட்டிய இடம் விடுபட வேண்டுமே தவிர, அதன் அருகில் புதிதாக ஓர் உடைவு தோன்றக் கூடாது. கடைகளில் ‘எதையும் ஒட்டும், என்றும் விடாது’ என்று விற்கப்படும் பசைகளை நான் அஞ்சுவது இந்த இரண்டு காரணங்களாலும்தான்.

பிரித்தெடுக்க முடிவது எவ்வளவு பெரிய பேறு என்பதற்கு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள போர்ட்லாந்து குடுவையே சான்று. உரோமானியர் காலத்துக் கண்ணாடிக் குடுவையான அது 1845 பிப்ரவரியில் ஒரு பார்வையாளரால் தூள்தூளாக உடைக்கப்பட்டது. அதே ஆண்டில் ஒட்டப்பட்டது. 1948இல் அதைப் பிரித்து மீண்டும் ஒட்டினார்கள். நாற்பது ஆண்டுகளுக்குள் அந்தப் பசையும் தளர்ந்துவிட, 1988இல் மறுபடியும் பிரித்து 1989இல் மூன்றாம் முறையாகச் சேர்த்து முடித்தார்கள். முதல் முறை இடம் கண்டுபிடிக்க முடியாமல் விடுபட்ட சின்னஞ்சிறு சில்லுகள் முப்பத்தேழு, ஒரு நூற்றாண்டு கழித்து அருங்காட்சியகத்துக்குத் திரும்பி வந்தன. அவற்றில் பெரும்பாலானவை மூன்றாம் முறை ஒட்டியபோதுதான் தமக்குரிய இடத்தை அடைந்தன. முதலில் ஒட்டியவர் நீக்க முடியாத பசையைப் பயன்படுத்தியிருந்தால் அது நடந்திருக்காது.

இதற்கு எதிரான சான்றும் நம் காலத்திலேயே உண்டு. 2014இல் கெய்ரோவில் பழைய எகிப்திய மன்னன் துட்டன்காமனின் பொன் முகமூடியிலிருந்து தாடி விடுபட்டபோது, அதை அவசரமாக எபாக்சியால் ஒட்டிவிட்டார்கள். மறு ஆண்டு அந்தப் பசையை மெல்லச் சூடாக்கி, பொன்னில் கீறல் விழாதபடி மரக்கருவிகளால் சுரண்டி அகற்றினார்கள். பிறகு தாடியை எதைக் கொண்டு பொருத்தினார்கள் தெரியுமா? தேன்மெழுகைக் கொண்டு. பழைய எகிப்தியர்களுக்கும் பழக்கமான பொருள் அது.

அடுத்து, துலக்குதல். வெள்ளிப் பொருளின் கருமை, வெள்ளியே காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு கூடி உண்டான வெள்ளி சல்பைடு. அதைத் தேய்த்து நீக்கும்போது கூடவே வெள்ளியும் போகிறது. ஒரு தடவையில் போவது மிகச் சொற்பம். ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தேய்க்கப்பட்ட தட்டில் செதுக்குக் கோடுகள் தேய்ந்து, முகங்கள் மூக்கிழந்து, முலாம் பூசியதாக இருந்தால் அடியிலுள்ள செம்போ பித்தளையோ எட்டிப் பார்க்கும்.

வெண்கலத்தில் இது இன்னும் நுட்பமானது. மண்ணில் புதைந்து கிடந்த வெண்கலச் சிலை ஒன்றின் மேல் பச்சையும் செம்பழுப்புமாய்ப் படிந்திருக்கும் களிம்பை அழுக்கு என்று நினைப்பது இயல்பு. ஆனால் உலோகம் உள்நோக்கி அரித்துக்கொண்டு போனபின், கலைஞர் செதுக்கிய முதல் பரப்பு பெரும்பாலும் அந்தக் களிம்பு அடுக்குகளுக்கு உள்ளேதான் எஞ்சியிருக்கிறது. இமையின் கோடும் அணிகலனின் புள்ளிகளும் அங்கேயே இருக்கின்றன. அவற்றுக்கு அடியிலுள்ள உலோகத்தில் இல்லை. அமிலத்தில் முக்கிக் களிம்பு முழுவதையும் போக்கியவருக்குக் கிடைப்பது பளபளப்பான, குழிகள் விழுந்த, முகமற்ற ஓர் உலோகக் கட்டி. நான் நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் மேலடுக்கை மட்டும் எடுத்து அந்தப் பரப்பைத் தேடுகிறேன். ஒரு நாளில் கட்டைவிரல் நகத்தின் அளவுக்கு வெளிப்பட்டால் அது நல்ல நாள்.

எல்லாப் பச்சையும் ஒன்றல்ல. கெட்டியாய், வழுவழுப்பாய், அடர்ந்திருக்கும் பச்சை பெரும்பாலும் நிலைபெற்றது. வெளிறிய பச்சையில் மாவுபோல் உதிரும் புள்ளிகள் தோன்றினால் கவலைப்பட வேண்டும். அதை வெண்கல நோய் என்கிறோம். கிருமியால் வருவதல்ல. மண்ணிலிருந்தோ கடலிலிருந்தோ உப்பின் குளோரைடு உள்ளே புகுந்து செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடாக உறைந்திருக்கும். பொருள் வெளியே வந்து ஈரமும் ஆக்சிஜனும் பட்டதும் அது வெளிர்பச்சைத் தூளாக மாறும். மாறும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும். அந்த அமிலம் புதிய செம்பைத் தாக்கி மறுபடியும் அதே சேர்மத்தை உருவாக்கும். இப்படித் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் வினை, தடுப்பார் இல்லாவிட்டால் சிறிய பொருளைத் தூளாக்கும் வரை ஓயாது. இதற்கு உணவு ஈரம் என்பதால், சார்பு ஈரப்பதத்தை 40 விழுக்காட்டுக்குக் கீழே வைத்தால் வினை ஏறக்குறைய நின்றுவிடும். காற்றுப் புகாத பெட்டியும் உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் ஓர் ஈரப்பதமானியும் போதும். புள்ளியைக் கண்டவுடன் தண்ணீரில் கழுவுவதுதான் பலரும் முதலில் செய்வது. கெடுதிக்கு அதைவிட நல்ல துணை வேறில்லை.

பெட்டி என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓக் மரப் பேழை, சில வண்ணப்பூச்சுகள், கம்பளித் துணி ஆகியவை பார்க்க அழகாக இருந்தாலும், வெளியிடும் ஆவிகளால் உள்ளிருக்கும் பொருளை அரிக்கும். ஓக் மரத்தின் அசிட்டிக் அமில ஆவியில் ஈயப் பதக்கங்கள் வெள்ளைத் தூள் பூத்துப் போவதை நான் கண்டிருக்கிறேன். காட்சிப்பேழைக்குள் எதை வைப்பதற்கு முன்னும் நாங்கள் செய்யும் ‘ஆடி சோதனை’ (Oddy என்பவரின் பெயரால் அமைந்தது) 1973இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உருவானது: வெள்ளி, செம்பு, ஈயம் ஆகியவற்றின் தகடுகளோடு அந்தப் பொருளையும் சிறிது நீரையும் ஒரு குப்பியில் அடைத்து, 60 டிகிரியில் 28 நாட்கள் வைக்க வேண்டும். தகடுகள் மாறினால் அந்தத் துணிக்கும் பலகைக்கும் பேழையில் இடமில்லை.

கையுறையைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். உலோகத்துக்கு நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் கையுறை கட்டாயம். கண்ணாடிக்கும் மெருகிட்ட பீங்கானுக்கும் பருத்திக் கையுறை வழுக்கும், வேண்டாம். எதையும் கைப்பிடியைப் பிடித்துத் தூக்காதீர்கள், பழைய ஒட்டு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பழைய சேகரிப்புகளிலிருந்து வந்த இறகு, தோல், மயிர் கொண்ட பொருள்களைத் தட்டித் தூசு போக்க வேண்டாம். பூச்சி அரிக்காமலிருக்க ஒரு காலத்தில் ஆர்சனிக்கும் பாதரசச் சேர்மங்களும் அவற்றில் தாராளமாகப் பூசப்பட்டன.

பொருள் ஒன்று உடைந்துவிட்டால், பொருந்துகிறதா என்று விளிம்போடு விளிம்பைச் சேர்த்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் உரசலிலும் விளிம்பின் நுண்துகள்கள் உதிர்கின்றன. துண்டுகளைத் தனித்தனியே மென்தாளில் சுற்றி, தரையில் கிடக்கும் தூளையும் சிறு சில்லுகளையும் ஓர் உறையில் இட்டு, உடைந்த நாளை அதன்மேல் எழுதி வையுங்கள்.

அந்த மண்கிண்ணத்தோடும் அப்படி ஓர் உறை வந்திருந்தது. முதன்முதலில் உடைந்தபோதே யாரோ எடுத்து வைத்த அரிசியளவுச் சில்லுகள் அதில் இருந்தன. அவற்றுள் மூன்று விளிம்பில் சரியாக உட்கார்ந்தன. தேய்க்கப்பட்ட விளிம்புகளுக்கு இடையே இருந்த இடைவெளியை நிரப்பி, கிண்ணத்தைவிட ஒரு சாயல் வெளிறிய நிறம் தீட்டினேன். எட்ட நின்று பார்ப்பவருக்கு அது உறுத்தாது, அருகில் வருபவருக்கு எது பழையது, எது என் கைவேலை என்பது தெரியும். என்ன பிசின், எந்த அடர்த்தி, எதில் கரையும் என்பதைக் கோப்பில் எழுதி, உறையில் மிஞ்சிய சில்லுகளையும் அதனோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.